திரும்பிப் பார்க்கும் உரிமை



நினைவுச் சொற்பொழிவு என்பதே திரும்பிப் பார்ப்பதுதான். ஒருவர் வாழ்ந்த வாழ்க்கையையும் செய்த வேலையையும் அவர் போன பிறகு நாம் கூடி உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிறோம். அதனால் இந்த ஆண்டு அந்தச் செயலையே பேசுபொருளாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? யாரிடம் போய் "உங்கள் பழைய நாட்களைச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள்? யாரிடம் ஒருவரும் கேட்பதே இல்லை?

இதைப் பேசுவதற்கு ஒரு கிதார் கலைஞரையும் அவருடைய ஓர் ஆல்பத்தையும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கலைஞர் ஜான் மெக்லாலின். ஆல்பம், 1975இல் மேடையில் ஒலிப்பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்த 'சக்தி'. ஜாஸ் இசையையும் நம் ஊர் இசையையும் கலந்த முயற்சிகளில் உலகம் முழுக்க அதிகம் பேசப்பட்ட ஒன்று. தலித் இலக்கிய அரங்கில் வெள்ளைக்காரக் கிதார்காரருக்கு என்ன வேலை என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவருடைய கதையைக் கொஞ்சம் கேட்டால் நாம் எங்கே போகிறோம் என்பது தெரிந்துவிடும்.

மெக்லாலின் 1942இல் இங்கிலாந்தின் யார்க்ஷையரில் டான்காஸ்டர் என்ற ஊரில் பிறந்தவர். தாய் வயலின் வாசிப்பார். பையனுக்குப் பதினோரு வயதில் கிதார் கைக்கு வந்தது. தன்னை முதலில் பிடித்து இழுத்தது அமெரிக்கக் கறுப்பர்களின் புளூஸ் இசை என்று பல பேட்டிகளில் அவர் சொல்லியிருக்கிறார். மடி வாட்டர்ஸ், பிக் பில் புரூன்ஸி ஆகிய பெயர்களைச் சொல்வார். மடி வாட்டர்ஸ் மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத்தில் வேலை செய்தவர். பருத்திக் காட்டுக் கூலியின் பாட்டு இசைத்தட்டாகிக் கடல் கடந்து ஓர் ஆங்கிலச் சிறுவனின் விரலுக்கு வேலை கொடுத்தது. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி பண்ணைக் கூலி என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1969 தொடக்கத்தில் அவர் நியூயார்க் போனார். டோனி வில்லியம்ஸ் என்ற இளம் கறுப்பின டிரம்ஸ் மேதை தன் குழுவில் வாசிக்க அழைத்திருந்தார். போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே, பிப்ரவரி 18ஆம் தேதி, மைல்ஸ் டேவிஸின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். அன்று பதிவானது 'இன் எ சைலன்ட் வே'. அந்த நாளை மெக்லாலின் இன்றுவரை திரும்பத் திரும்பச் சொல்கிறார். கையில் கொடுத்த உருப்படி சுரக்கோவைகள் நிறைந்தது. எப்படி வாசிப்பது என்று தெரியாமல் திகைத்து நின்றபோது, கிதார் வாசிக்கத் தெரியாதவன் வாசிப்பதுபோல் வாசி என்று டேவிஸ் சொன்னாராம். பயந்து பயந்து, ஒவ்வொரு சுரமாகத் தடவித் தடவி வாசித்ததே அந்த இசைத்தட்டில் நிலைத்துவிட்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் டேவிஸ் 'பிட்ச்சஸ் ப்ரூ' ஆல்பத்தைப் பதிவு செய்தார். அதில் ஓர் உருப்படியின் பெயரே 'ஜான் மெக்லாலின்'. ஊருக்குப் புதிதாக வந்த வெளிநாட்டுப் பையனின் பெயரை ஒரு கறுப்புக் கலைஞர் தன் இசைத்தட்டின் அட்டையில் அச்சடித்தார். அட்டையில் அதற்கு ஆன செலவு ஒரு வரி. அந்த ஒரு வரி உலகத்துக்கு ஒருவரை அறிமுகப்படுத்தியது. இந்த ஒரு வரிக்கு நாம் பிறகு திரும்பி வருவோம்.

அந்தப் பெயரை எழுதிக்கொடுத்த மைல்ஸ் டேவிஸின் நிலை அன்றைய அமெரிக்காவில் எப்படி இருந்தது? 1959 ஆகஸ்டில் நியூயார்க்கின் பேர்ட்லாண்ட் அரங்கில் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் வாசலுக்கு வந்து நின்றார். நகர்ந்து போகச் சொன்ன போலீசிடம், நான் இங்கேதான் வேலை செய்கிறேன் என்று சொன்ன குற்றத்துக்காக மண்டை உடைய அடிபட்டார். அவருடைய 'கைண்ட் ஆஃப் புளூ' வெளிவந்து சில நாட்களே ஆகியிருந்தன. உள்ளே மேடை அவருடையது, வாசல் அவருடையதல்ல. இதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்னும் பின்னால் போவோம். 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது பறை முழக்கிக்கொண்டு நடந்தார்கள். அடுத்த ஆண்டே வெள்ளையர் சட்டம் போட்டு, அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருக்கக் கூடாது என்று தடுத்தார்கள். முரசைப் பறித்தார்கள், தாளத்தைப் பறிக்க முடியவில்லை. கறுப்பர்கள் தம் கையையும் தொடையையும் நெஞ்சையும் தரையையும் முரசாக்கிக்கொண்டார்கள். அந்தத் தாளத்தின் வழியில் வந்த ஜாஸ் இசைக்கு முதல் இசைத்தட்டு 1917இல் வெளிவந்தபோது அதை வாசித்திருந்தது ஒரு வெள்ளையர் குழு. உருவாக்கியவர் ஒருவர், பெயர் வாங்கியவர் வேறொருவர். அமிரி பராகா 1963இல் எழுதிய 'புளூஸ் பீப்பிள்' நூல் இந்த வரலாற்றை இசைக்குள்ளிருந்தே எழுதிக் காட்டியது.

அமெரிக்கக் கறுப்பர்களின் கதையை நாம் இரவல் வாங்கிப் பேசவில்லை. 1946இல் அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மும்பையில் எழுந்த தலித் பேந்தர் இயக்கம் தன் பெயரைக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. நமக்கும் அவர்களுக்கும் பழைய உறவு.

இனி ஆல்பத்துக்கு வருவோம். 1971இல் மெக்லாலின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவைத் தொடங்கினார். மின்கிதார், இடிபோன்ற டிரம்ஸ், காது செவிடாகும் ஒலி. பெரிய அரங்குகள் நிரம்பின. அந்தப் புகழின் உச்சியில், 1973 முடிவில், முதல் குழு கலைந்தது. இதற்கிடையில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் அவர் வீணை கற்றார். எல். சங்கரின் வயலினும் ஜாகிர் உசேனின் தபேலாவும் அவருடைய கிதாரோடு சேர்ந்தன. டி. எச். விநாயக்ராம் கடத்தோடு வந்தார். வெஸ்லியனில் ஆசிரியராக இருந்த ராம்நாடு ராகவன் மிருதங்கத்தோடு வந்தார். 1975 ஜூலை 5ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் இந்த ஐவரும் வாசித்ததே 'சக்தி'யின் முதல் ஆல்பம். மூன்றே உருப்படிகள். மூன்றாவது கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஓடும்.

மின்கிதாரின் நாயகன் சம்மணமிட்டு உட்கார்ந்து மரக்கிதார் வாசிக்கப் போகிறேன் என்றதும், மேலாளரும் இசைத்தட்டு நிறுவனமும் தனக்குப் பித்துப் பிடித்துவிட்டதாகவே நினைத்தார்கள் என்று அவர் பிற்காலப் பேட்டிகளில் நினைவுகூர்கிறார். லாபம் குறையும் என்று தெரிந்தே செய்தார். கற்றுக்கொள்ள உட்கார்ந்தவனின் பணிவு அந்த நினைவுகூரலில் இருக்கிறது. ஆசிரியர்களின் பெயரையும் கூட வாசித்தவர்களின் பெயரையும் அவர் விட்டுவிடாமல் சொல்கிறார். இதை மனதார ஏற்றுக்கொண்டுதான் நாம் மேலே பேசுகிறோம்.

அந்த ஆல்பம் நம் ஊர் மேடையின் சில படிகளையும் தட்டிவிட்டது. கர்நாடகக் கச்சேரியில் கடம் உபபக்கவாத்தியம். மிருதங்கம் விட்ட இடத்தில், விட்ட நேரத்தில் அது பேசலாம். பாட்டுக்கு அடுத்து வயலின், அதற்கு அடுத்து மிருதங்கம், கடைசியில் கடம் என்று மேடைக்குள்ளேயே ஒரு வரிசை. 'சக்தி'யில் விநாயக்ராமின் கடம் முன்வரிசைக்கு வந்தது. கிதாரோடு நேருக்கு நேர் கேள்வி கேட்டது, பதில் சொன்னது. தபேலாவும் மிருதங்கமும் ஒரே மேடையில் சமமாக உட்கார்ந்தன. கலப்பு இசை வெறும் வியாபாரம் என்று ஒதுக்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தனித்தனியே இருந்தவற்றைக் கலக்கும்போது சில படிகள் உடையத்தான் செய்கின்றன.

ஆனால் எந்தப் படிவரை உடைந்தது? இங்கேதான் நம் கேள்வி தொடங்குகிறது.

அந்தக் கச்சேரியில் மெக்லாலின் வாசித்தது சாதாரணக் கிதார் அல்ல. கிப்சன் நிறுவனத்தின் கிதாரை அவருக்காகவே மாற்றிச் செய்திருந்தார்கள். வழக்கமான ஆறு தந்திகளுக்குக் கீழே, சாய்வாக, ஏழு அனுசுரத் தந்திகள். மெட்டுகளுக்கு இடையில் மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருந்தார்கள். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் வாசிப்பதைப்போல் கிதாரிலும் இழுப்பதற்காக அந்தக் குழிவு. செய்தவர்களில் முக்கியமானவர் ஏபிரகாம் வெக்டர் என்ற கைவினைஞர். கிதார் உலகில் அந்தப் பெயர் பிரபலம். பிற்காலத்தில் தன் பெயரிலேயே கிதார் செய்து விற்றார். 'சக்தி கிதார்' பற்றி எழுதுகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லாமல் எழுதுவதில்லை. அது சரியானதும்கூட.

இப்போது பக்கத்தில் இருந்த மிருதங்கத்தைப் பார்ப்போம். 'சக்தி' அந்தக் காலத்தில் வெளியிட்ட மூன்று ஆல்பங்களில் இந்த முதல் ஆல்பத்தில் மட்டும்தான் ராம்நாடு ராகவனின் மிருதங்கம் இருக்கிறது. ஒரு மிருதங்கத்தில் என்னென்ன இருக்கின்றன? பலாக்கட்டையைக் குடைந்த உடல். இரண்டு பக்கமும் தோல் மூட்டு. மூட்டுக்குப் பசுத்தோலும் ஆட்டுத்தோலும், இழுத்துக் கட்டும் வாருக்கு எருமைத்தோல். வலந்தலையின் நடுவில் கரணை. கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாகப் பூசி, கல்லால் தேய்த்து, காயவிட்டு, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து ஏற்றுவது. ஒவ்வொரு பூச்சுக்கும் காது வைத்துக் கேட்க வேண்டும். தோலைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து கரணையின் கடைசிப் பூச்சுவரை, அந்த வாத்தியத்தின் குரலைத் தீர்மானிப்பவர் அதைக் கட்டுபவர். மூட்டு தேய்ந்தால் மறுபடி அவரிடம்தான் போக வேண்டும். வாசிப்பவரின் வாழ்நாள் முழுக்க அவருடைய வேலை முடிவதில்லை.

இது வெறும் கைப்பழக்கம் என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. சாதாரணமாக ஒரு முரசின் தோலைத் தட்டினால் எழும் மேலொலிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அதனால்தான் பெரும்பாலான முரசுகளில் தாளம் கேட்கும், சுருதி கேட்காது. மிருதங்கமும் தபேலாவும் மட்டும் எப்படிச் சுருதியோடு பேசுகின்றன? தோலின் நடுவில் ஏற்றும் அந்தக் கரிய பூச்சு, மேலொலிகளை அடிப்படை ஒலியின் முழு மடங்குகளாக ஒழுங்குபடுத்திவிடுகிறது. இதை 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதியவர் சி. வி. ராமன். பிறகு 1934இல் விரிவாகவும் எழுதினார். ராமன் விளக்கினார், உலகம் பாராட்டியது. அவர் விளக்கிய அறிவியலைத் தலைமுறை தலைமுறையாகக் கையாலும் காதாலும் செய்துகொண்டிருந்தவர்கள் யார்? அவர்களுக்கு எந்த இதழில் இடம்? ஒரு சமூகத்தின் அறிவை மேல்சாதி எழுதினால் அறிவியல் என்றும், அந்தச் சமூகமே செய்தால் குலத்தொழில் என்றும் பெயர் வைப்பது சாதியின் பழைய தந்திரம்.

அவர்கள் யார் என்பதற்கு வருவோம். டி. எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல், மிருதங்கம் கட்டுபவர்களின் வரலாற்றைப் பெயர்களோடு எழுதியது. தஞ்சாவூரின் செவித்தியான் குடும்பம், பாலக்காடு மணி ஐயரோடு இணைந்து வேலை செய்த பர்லாந்து என்று பல பெயர்கள் முதன்முறையாகப் பொதுவெளிக்கு வந்தன. இவர்களில் பெரும்பாலோர் கிறித்தவத்துக்கு மாறிய தலித் குடும்பத்தினர். மணி ஐயரின் நாதத்தைப் பற்றிப் பேசாத ரசிகர் இல்லை. அந்த நாதத்தில் பர்லாந்தின் பங்கு என்ன என்று பேச ஒரு நூற்றாண்டு ஆனது. அந்த நூலின் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா வேறிடத்தில் நடந்தது, எழுச்சித்தமிழர் திருமாவளவனும் கலந்துகொண்டார். பசுவை வணங்குகிறவர் பசுத்தோலை மடியில் வைத்து வாசிக்கிறார் என்ற எளிய உண்மையைச் சொன்னதுதான் அந்த நூல் செய்த பிழை.

சமூகவியல் படித்தவர்களுக்கு ஹோவர்டு பெக்கர் என்ற பெயர் தெரிந்திருக்கும். அவர் சிகாகோவின் மதுக்கூடங்களில் ஜாஸ் பியானோ வாசித்துக்கொண்டே சமூகவியல் படித்தவர். 1982இல் 'ஆர்ட் வேர்ல்ட்ஸ்' என்ற நூலில், கலை என்பது ஒரு மேதையின் தனிச்செயல் அல்ல, பலர் ஒத்துழைத்துச் செய்யும் கூட்டு வேலை என்று காட்டினார். வாத்தியம் செய்பவர், அதைப் பழுது பார்ப்பவர், மேடை போடுபவர், சீட்டு விற்பவர், கேட்பவர் என எல்லோரும் அதில் உண்டு. திரைப்படத்தில் ஓடும் நீண்ட பெயர்ப் பட்டியலை அவர் உதாரணம் காட்டுகிறார். மற்றக் கலைகளுக்கும் அப்படி ஒரு பட்டியல் போட்டால் எவ்வளவு நீளும் என்பதே அவர் நமக்குத் தரும் கேள்வி.

பெக்கரின் சட்டகம் நமக்கு உதவும், ஆனால் முழுவதும் போதாது. அவர் பார்த்த உலகில் வேலை பிரிந்திருக்கிறது. நம் நாட்டில் வேலை செய்பவர்களே பிறப்பால் பிரிக்கப்பட்டு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதை அண்ணல் 1936இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் எடுத்துக்காட்டினார். கிதார் செய்த வெக்டருக்கும் கிதார் வாசித்த மெக்லாலினுக்கும் இடையில் இருந்தது வேலைப் பிரிவு. ஒருவர் வீட்டில் மற்றவர் சாப்பிடலாம். வெக்டரின் மகன் கிதார் வாசிக்கக் கற்றுக்கொண்டால் யாரும் வியப்படைய மாட்டார்கள். மிருதங்கம் கட்டுபவருக்கும் வாசிப்பவருக்கும் இடையில் இருப்பது தீட்டு. கட்டுபவரின் பிள்ளை சபா மேடையேறி வாசித்த கதைகளை எண்ண நமக்கு எத்தனை விரல்கள் வேண்டும்? தோல் கழுவப்பட்டு, காய்ந்து, வாத்தியமாகி, பூஜையறைக்குள் போய்விடுகிறது. தோலைத் தொட்ட கை வாசலிலேயே நிற்கிறது.

அந்த ஆல்பத்தின் உருப்படி ஒன்றின் பெயர் 'தாமரைப் பாதம்' என்ற பொருள் தருவது. மற்றொன்றின் நீண்ட பெயரிலும் இறைவனின் காலடி வருகிறது. பாதத்தைப் பாடாத பக்தி நம் நாட்டில் இல்லை. பாதத்துக்குச் செருப்புத் தைத்தவரை ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க விடாத ஊர்களும் இதே நாட்டில்தான் இருக்கின்றன. மெக்லாலினுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்த இந்தியா எந்த இந்தியா என்று கேட்கிறோம். அவர் தேடி வந்தபோது வேதமும் யோகமும் ராகமும் தாளமும் கிடைத்தன. வாசலில் தோல் காயப்போட்டிருந்த தெருவுக்கு அவரை யாரும் அழைத்துப் போகவில்லை. கலப்பு இசை எல்லைகளைக் கடந்தது என்கிறார்கள். டான்காஸ்டருக்கும் சென்னைக்கும் இடையிலான எல்லையைக் கடந்தது உண்மை. சபாவுக்கும் சேரிக்கும் இடையிலான எல்லை அதைவிட அகலமாக இருந்திருக்கிறது.

இங்கே மூன்று மறுப்புகள் வரும். மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுவோம்.

முதல் மறுப்பு, பெயர் போட்டால் மட்டும் என்ன கிடைத்துவிடும் என்பது. பெயரோடு கூலியும் வேண்டும், மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் வேண்டும், மூட்டுக்கு நியாயமான விலையும் வேண்டும். ஆனால் பெயர் இல்லாதவருக்குக் கூலி பேசும் வலிமை வராது. மைல்ஸ் டேவிஸ் எழுதிய ஒரு வரி மெக்லாலினுக்கு என்ன செய்தது என்று பார்த்தோம். மானாமதுரையில் கடம் செய்யும் மீனாட்சி அவர்களுக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. ஒரு நிறுவனம் மனம் வைத்தால் செய்பவரையும் கலைஞர் என்று ஏற்க முடியும் என்பதற்கு அது சான்று.

இரண்டாவது மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வரும். தோல் வேலையை நாம் பெருமையாகப் பேசினால், நம் பிள்ளைகளை மறுபடி அதே தொழிலில் கட்டிப்போடுவது ஆகாதா? பறை விஷயத்திலும் இதே விவாதம் நம்மிடையே உண்டு. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்களும் நம் தோழர்கள், பறையை விடுதலையின் இசையாகக் கையில் எடுத்தவர்களும் நம் தோழர்கள். இருவரும் செய்தது ஒன்றுதான். கட்டாயத்தை உடைத்தார்கள். ஆகவே நாம் தெளிவாகச் சொல்கிறோம். மிருதங்கம் கட்டுபவரின் மகள் பொறியாளராகப் போக விரும்பினால் போகட்டும். மரபு அழிகிறதே என்று சபாக்கள் கண்ணீர் விட்டால், அந்த மரபை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் கற்றுக்கொண்டு தோலை உரித்துப் பதப்படுத்திக் காப்பாற்றட்டும். ஒரு குடும்பத்தின் விடுதலையைப் பலியாகக் கொடுத்துக் காப்பாற்ற வேண்டிய கலை எதுவும் இல்லை. நாம் கேட்பது தொழிலைக் காப்பாற்றுவதை அல்ல, செய்தவர்களின் வரலாற்றைக் காப்பாற்றுவதை.

மூன்றாவது மறுப்பு, இசையில் சாதியைக் கொண்டுவராதீர்கள் என்பது. நாம் கொண்டுவரவில்லை, அது வாத்தியம் கட்டும் தெருவிலிருந்து மேடையின் உட்கார்வரிசைவரை ஏற்கெனவே இருக்கிறது. அதை வெளியேற்ற வேண்டுமானால் முதலில் அது இருக்கும் இடத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

கலப்பு இசை நம் பக்கத்திலிருந்து தொடங்கினால் எப்படி இருக்கும் என்பதற்கும் நம்மிடம் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறையாக மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயருக்கு மூலம் அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்றவர் என்ற கருத்து. அங்கேயும் கிதார் இருந்தது. பக்கத்தில் பறையும் சட்டியும் கானாவும் ராப்பும் இருந்தன. இட ஒதுக்கீட்டைப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பாடினார்கள். அங்கே தோலை மறைக்கத் தேவையே இருக்கவில்லை. அந்த மேடையிலும் கிதாரும் நம் தாளமும்தான் சந்தித்தன, 'சக்தி'யில் நடந்ததைப்போலவே. வேறுபாடு, எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள் என்பதில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. 'சக்தி' மறுபடி கூடி 2023இல் 'திஸ் மொமென்ட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. 1977க்குப் பிறகு அவர்களுடைய முதல் ஸ்டுடியோ ஆல்பம். விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் அதில் வாசித்தார். 2024 பிப்ரவரியில் அது கிராமி விருது பெற்றது. அந்த ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார். எண்பது வயதைக் கடந்த மெக்லாலினிடம் இன்றும் பேட்டியாளர்கள் கேட்கிறார்கள், அவரும் சலிக்காமல் திரும்பிப் பார்த்துச் சொல்கிறார். அப்படித்தான் 1969இன் ஒரு பிற்பகல் நமக்குக் கிடைத்தது. அவர் சொல்லவில்லை என்றால் பயந்துகொண்டே வாசித்த அந்தக் கிதாரின் கதை அந்த அறையோடு போயிருக்கும்.

திரும்பிப் பார்ப்பதற்கு நினைவு மட்டும் போதாது. கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். கேட்டதை எழுதும் கை, அச்சிடும் தாள், படிக்கும் வாசகர் வேண்டும். இவையெல்லாம் சிலருக்கு இயல்பாகக் கிடைக்கின்றன, பலருக்குக் கிடைப்பதே இல்லை. ஐம்பது ஆண்டுகளாக ஒருவர் எத்தனை மூட்டுகள் கட்டினார், எந்தத் தோலை எந்தக் கலைஞருக்காக ஒதுக்கி வைத்தார், எந்தக் கரணை சரியாக வந்தபோது தனக்குள் சிரித்துக்கொண்டார் என்பதெல்லாம் அவரோடு போய்விடுகின்றன. நமக்கு வரலாறு இல்லை என்று யாராவது சொன்னால் கோபப்படுகிறோம். கோபத்தோடு ஒரு ஒலிப்பதிவுக் கருவியையும் எடுத்துக்கொண்டு போவோம்.

ஆகவே இந்த அரங்கின் சார்பில் மூன்று வேலைகளை முன்வைக்கிறோம். ஒன்று, இங்கே வந்திருக்கும் மாணவர்களும் ஆய்வாளர்களும் தம் ஊரில் மிருதங்கம், பறை, தவில், உடுக்கை, பம்பை கட்டும் முதியவர் ஒருவரையாவது சந்தித்து, அவர் சொல்வதை அவர் மொழியிலேயே பதிவு செய்யுங்கள். அவர் அனுமதித்தால் மட்டும் பெயரோடு வெளியிடுங்கள். இரண்டு, இசைக்கலைஞர்களே, உங்கள் அடுத்த ஆல்பத்தில் ஒலிப்பொறியாளர் பெயருக்குப் பக்கத்தில் வாத்தியம் கட்டியவர் பெயரையும் போடுங்கள், அவருக்கு ஊதியப் பங்கும் கொடுங்கள். மூன்று, அரசின் இசைப்பள்ளிகளும் விருதுக் குழுக்களும் வாத்தியம் செய்பவரை ஆசிரியராகவும் கலைஞராகவும் ஏற்க வேண்டும் என்று நாம் தொடர்ந்து கேட்போம்.

நாம் இன்று யாருடைய நினைவுக்காகக் கூடினோமோ அந்தத் தோழரைப் பற்றி எழுத அவருடைய நண்பர்கள் இருந்தார்கள். அதனால்தான் இந்த உரை நடக்கிறது. எழுத யாருமில்லாமல் போனவர்கள் நம் தெருக்களில் நிறையப் பேர். அடுத்த ஆண்டு இதே மேடையில் நம்மைப் போன்றவர்கள் பேசுவதற்குப் பதிலாக, வாழ்நாள் முழுக்க மூட்டு கட்டிய ஒருவர் உட்கார்ந்து தன் வேலையைத் தானே திரும்பிப் பார்த்துப் பேசட்டும். நாம் எதிரில் அமர்ந்து கேட்போம்.

ஜெய்பீம்.